பயோஈக்விவலன்ஸ் ஆய்வில் ஆண், பெண் என்று பிரித்துக் குலுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு தரப்பாருக்காக எழுதப்பட்டது. கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் பார்மசியோ புள்ளியியலோ படித்துவிட்டு சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆய்வுக்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரு தரப்பு. அந்த ஆய்வுகளில் தன்னார்வலர்களாகச் சேரலாமா என்று யோசிக்கும் மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி மக்கள் இன்னொரு தரப்பு. இரண்டு பேருடைய கேள்விகளும் கலந்தே இருக்கும். கணக்கு வரும் இடத்தில் கணக்கு வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

பயோஈக்விவலன்ஸ் ஆய்வு என்றால் என்ன?

காப்புரிமை முடிந்த ஒரு மருந்தை வேறொரு கம்பெனி தயாரிக்கிறது. ஜன் அவுஷதி கடையிலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு நீங்கள் வாங்கும் ஜெனரிக் மாத்திரை அந்த வகை. அது முதல் கம்பெனியின் மூல மாத்திரையைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ஆரோக்கியமான ஆட்களுக்கு மாத்திரையைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரங்களில் ரத்தம் எடுத்து, மருந்தின் அளவை அளப்பார்கள். அதிலிருந்து இரண்டு எண்கள் முக்கியம். ரத்தத்தில் மருந்து எட்டிய உச்ச அளவு ஒன்று, அதை சிமேக்ஸ் என்பார்கள். மொத்தமாக எவ்வளவு மருந்து உடம்புக்குக் கிடைத்தது என்பது மற்றொன்று, அது ஏ.யு.சி. புது மாத்திரைக்கும் மூல மாத்திரைக்கும் உள்ள விகிதத்தின் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை என்று கணக்கு காட்டும் வீச்சு), இரண்டு எண்களுக்கும், 80.00 முதல் 125.00 சதவீதத்துக்குள் முழுசாக அடங்க வேண்டும். அடங்கினால் பாஸ்.

இனி இந்தப் பக்கத்தில் புது மாத்திரை ‘டெஸ்ட்’, மூல மாத்திரை ‘ரெஃபரன்ஸ்’.

இதில் குலுக்கல் எங்கே வருகிறது?

பெரும்பாலான ஆய்வுகள் கிராஸ்ஓவர் முறையில் நடக்கின்றன. ஒரே ஆள் இரண்டு மாத்திரையையும் சாப்பிடுவார், வேறு வேறு நாளில். முதல் மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவதற்கு நடுவில் இடைவெளி விடுவார்கள். மருந்தின் அரை ஆயுளைப் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) போல ஐந்து மடங்காவது அந்த இடைவெளி இருக்க வேண்டும். யார் முதலில் டெஸ்ட் சாப்பிடுவது, யார் முதலில் ரெஃபரன்ஸ் சாப்பிடுவது என்பதைத்தான் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். 24 பேர் என்றால் 12 பேருக்கு டெஸ்ட் முதலில், 12 பேருக்கு ரெஃபரன்ஸ் முதலில். டாக்டரோ நர்ஸோ நீங்களோ அந்த வரிசையைத் தேர்ந்தெடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்ட பட்டியல்தான் சொல்லும்.

ஆண், பெண் என்று பிரித்துக் குலுக்குவது என்றால்?

24 பேருக்கும் ஒரே குடத்தில் திருவுளச்சீட்டு போடாமல், ஆண்களுக்கு ஒரு குடம், பெண்களுக்கு ஒரு குடம் வைப்பதுதான். 16 ஆண்களும் 8 பெண்களும் இருந்தால், ஆண்கள் குடத்தில் 8 சீட்டு டெஸ்ட் முதலில், 8 சீட்டு ரெஃபரன்ஸ் முதலில். பெண்கள் குடத்தில் நாலும் நாலும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஸ்ட்ராடிஃபிகேஷன் என்று பெயர். கம்ப்யூட்டர் பட்டியல் ஒன்றுக்குப் பதில் இரண்டு. கூடுதல் வேலை அவ்வளவுதான்.

பிரிக்காமல் குலுக்கினால் எவ்வளவு கோணலாகிவிடும்? பெரும்பாலும் சமமாகத்தானே வரும்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பேரில் 8 பெண்கள். 12-12 ஆக எதேச்சையாகப் பிரித்தால் பெண்கள் சரியாக 4-4 என்று விழ வாய்ப்பு 33 சதவீதம்தான். 5-3 என்று விழ 47 சதவீதம். 6-2 அல்லது அதைவிட மோசமாக விழ 19 சதவீதம். அதாவது ஐந்து ஆய்வுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு வரிசையில் இரண்டு பெண்களோ அதற்கும் குறைவோதான் இருப்பார்கள். அரிதான விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. குலுக்கலின் இயல்பே இது.

கோணலானால் என்ன? ஒவ்வொருவரும் இரண்டு மாத்திரையையும் சாப்பிடுகிறாரே, அவருக்கு அவரே ஒப்பீடு அல்லவா?

சரியான கேள்வி. பிரித்துக் குலுக்குவதை ஒரு மந்திரம் போலப் பேசுபவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆம், கிராஸ்ஓவரில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு. பெண்களின் ரத்தத்தில் ஒரு மருந்து ஆண்களைவிட ஒன்றரை மடங்கு ஏறினாலும், அது டெஸ்ட்டுக்கும் ஏறும், ரெஃபரன்ஸுக்கும் ஏறும். விகிதம் எடுக்கும்போது அடிபட்டுப் போகும். அதனால் ஒரு வரிசையில் பெண்கள் கூடிவிட்டார்கள் என்பதால் மட்டும் டெஸ்ட்–ரெஃபரன்ஸ் விகிதம் ஒரு பக்கம் சாயாது.

சாயக்கூடிய ஒரு வழி உண்டு. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் பெண்களுக்கு மட்டும் ஏதோ மாறியிருந்தால், அது மாத்திரையின் குணம் போல வேஷம் போடும். ஒரு கற்பனை உதாரணம். இரண்டு மாத்திரையும் அச்சு அசல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு இரண்டு தடவையும் ஒரே அளவு. பெண்களுக்கு மட்டும் இரண்டாம் தடவையில் 12 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது. குலுக்கலில் டெஸ்ட் முதலில் சாப்பிடும் 12 பேரில் 6 பெண்கள், ரெஃபரன்ஸ் முதலில் சாப்பிடும் 12 பேரில் 2 பெண்கள். லாகரிதம் எடுத்து வழக்கமான முறையில் கணக்கிட்டால் விகிதம் 100 வராது, சுமார் 98 வரும். இதே பெண்கள் 4-4 என்று இருந்திருந்தால் சரியாக 100.

இரண்டு சதவீதம். அதுவும் 12 சதவீத மாற்றம், 6-2 கோணல் இரண்டும் சேர்ந்தால்தான். ஆகவே கிராஸ்ஓவரில் பால்வாரியாகப் பிரிக்காத ஒரே காரணத்துக்காக ஒரு ஆய்வு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்பே இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்காக.

8 பெண்களின் எண்களை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். 4-4 என்று இருந்தால் முதல் தடவை, இரண்டாம் தடவை வித்தியாசம் தானாகவே கழிந்துபோகும். 6-2 என்றால் அந்த இரண்டு பேர்தான் ஒரு முழு வரிசையையும் தாங்கி நிற்பார்கள். அதே 8 பெண்கள், அதே ரத்தக் குழாய்கள், அதே செலவு. ஆனால் கணிப்பின் மாறுபாடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, நம்பக இடைவெளி ஏறத்தாழ 15 சதவீதம் அகலமாகிறது. அந்த இரண்டு பேரில் ஒருவர் இரண்டாம் தடவைக்கு வரவில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஒரு பெண் ஒன்றரை நாள் கையில் கேனுலா ஊசியோடு படுத்திருந்து கொடுக்கும் ரத்தம் அது. கம்ப்யூட்டரில் இரண்டு வரி கூடுதலாக எழுதாததால் அதன் பயனில் ஒரு பங்கு வீணாவதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவு பெரிதாக மாறாது என்பது உண்மை. செலவே இல்லை என்பதும் உண்மை. அப்படியானால் செய்துவிடுவதுதானே முறை?

ஆண், பெண் உடம்பில் மருந்து உண்மையிலேயே வேறு மாதிரி வேலை செய்கிறதா?

அளவில் வேறுபாடு உண்டு. சராசரி உடல் எடை, கொழுப்பின் பங்கு, வயிறு காலியாகும் வேகம், சிறுநீரகம் வடிகட்டும் அளவு, ஈரல் நொதிகளின் சுறுசுறுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். தூக்க மருந்தான சோல்பிடெம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையிலும் ரத்தத்தில் தங்கிவிடுகிறது என்பதால் 2013-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான சாதாரண மாத்திரையின் அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி. ஆகக் குறைக்கச் சொன்னது.

ஆனால் சோல்பிடெம் கதையை பயோஈக்விவலன்ஸுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. பெண்களுக்கு அளவு கூடுதலாக ஏறுவது வேறு. டெஸ்ட்டுக்கும் ரெஃபரன்ஸுக்கும் உள்ள விகிதம் பெண்களுக்கு ஒன்றாகவும் ஆண்களுக்கு ஒன்றாகவும் இருப்பது வேறு. இரண்டாவதுதான் நம் கவலை. அது அபூர்வம், ஆனால் நடக்காதது இல்லை. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்துவந்த ரனிடிடினோடு பாலிஎதிலீன் கிளைக்கால் 400 என்ற கரைப்பானைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆண்களின் உடம்பில் ரனிடிடின் சேரும் அளவு நன்றாகவே ஏறியது. பெண்களில் ஏறவில்லை. மருந்து அதே மருந்து. வித்தியாசம் செய்தது மருந்தே அல்லாத துணைப்பொருள். ஜெனரிக் மாத்திரையும் மூல மாத்திரையும் வேறுபடுவது பெரும்பாலும் இந்தத் துணைப்பொருள்களில்தான். அதனால்தான் ஆண்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

விதிகள் என்ன சொல்கின்றன? பிரித்துக் குலுக்குவது கட்டாயமா?

பெண்களைச் சேர்க்கச் சொல்வது ஒன்று, பிரித்துக் குலுக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

1977-ல் எஃப்.டி.ஏ. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்து ஆய்வுகளிலிருந்து ஒதுக்கி வைக்கச் சொன்னது. 1993-ல் அந்தப் போக்கை மாற்றிக்கொண்டது. ஆண், பெண் இருவருக்குமான மருந்து என்றால் இருவரையும் ஏறத்தாழ சம பங்கில் சேர்க்கப் பாருங்கள் என்பது பிறகு ஜெனரிக் கம்பெனிகளுக்கு அது சொன்ன அறிவுரை. ஐரோப்பாவின் 2010 வழிகாட்டி எந்தப் பாலினமும் இருக்கலாம் என்றது. பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து விதிகளை ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். 2024 ஜூலையில் இறுதி செய்த எம்13ஏ வழிகாட்டி, இருவருக்குமான மருந்து என்றால் இருவரையும் சேர்ப்பதைப் பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படிதான் இந்த ஆய்வுகள் நடக்கின்றன. அனுமதி, நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம், பாதிப்பு வந்தால் சிகிச்சை, இழப்பீடு எல்லாம் அதற்குள் அடங்கும்.

கிராஸ்ஓவரில் பால்வாரியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இவற்றில் இல்லை. ஆய்வுத் திட்டத்தில் நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்தால் போதும், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

பிரித்துக் குலுக்கினால் கணக்கிடும் மாடலில் பாலினத்தையும் சேர்க்க வேண்டுமா?

இது புள்ளியியல் பிள்ளைகளுக்கான கேள்வி. குலுக்கலில் எதை வைத்துப் பிரித்தோமோ அதைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும் என்பது பொதுவான பாடம். சாதாரண மருத்துவ ஆய்வுக்கு அது சரி. கிராஸ்ஓவரில் வழக்கமான மாடலில் வரிசை, தடவை, மாத்திரை, வரிசைக்குள் ஆள் என்று நான்கு இருக்கும். பாலினம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் குணம். ‘ஆள்’ என்ற அம்சம் ஏற்கெனவே அதை விழுங்கிவிட்டது. பாலினத்தை ஒரு தனி வரியாகச் சேர்த்தாலும் டெஸ்ட்–ரெஃபரன்ஸ் விகிதமோ இடைவெளியோ ஒரு தசமமும் நகராது.

சிக்கல் எங்கே என்றால், சிலர் ‘மாத்திரை × பாலினம்’ என்ற இடைவினையையும் முதன்மை மாடலிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்போது மென்பொருள் தரும் சராசரி, ஆண்களுக்குப் பாதி எடை, பெண்களுக்குப் பாதி எடை என்று எடுத்துக்கொள்ளும். 16 ஆண்களும் 8 பெண்களும் இருக்கும் ஆய்வில் 8 பேரின் எண்களுக்கு 16 பேரின் எண்களுக்குச் சமமான மரியாதை. விகிதம் நகரும், மாறுபாடு 12.5 சதவீதம் கூடும். விளிம்பில் நிற்கும் ஆய்வு அதனாலேயே தோற்கலாம். முதன்மை மாடலை எளிமையாக விடுங்கள். இடைவினையைத் தனியே, துணைப் பகுப்பாய்வாகப் போடுங்கள். எதை முதன்மையாகக் கொள்வோம் என்று ஆய்வு தொடங்குமுன் எழுதி வையுங்கள். எண்களைப் பார்த்த பிறகு மாடலை மாற்றுவது மட்டும் வேண்டாம்.

அப்படியானால் பெண்கள் மட்டும் தனியாக 80–125-க்குள் வர வேண்டுமா?

வேண்டாம், வரவும் வராது. ஆளுக்குள்ளான மாறுபாடு, அதாவது ஒரே ஆளுக்கே தடவைக்குத் தடவை அளவு மாறுவது, 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் இரண்டும் ஒன்றேதான், விகிதமும் மிகச்சரியாக 100 என்றே கிடைத்தது. 8 பெண்களை 4-4 ஆகப் பிரித்துப் போட்ட 90 சதவீத இடைவெளி 78.7 முதல் 127.0 வரை போகும். தோல்வி! அதே மாறுபாட்டில் 24 பேருக்கும் சேர்த்துப் போட்டால் 88.5 முதல் 113.0. பெண்களின் எண்ணிக்கை குறைவு என்பதைத்தான் அந்தத் தோல்வி காட்டுகிறது, மாத்திரையின் குறையை அல்ல.

துணைக்குழு எண்களைப் பார்ப்பது எச்சரிக்கை மணிக்காக. ஆண்களில் 101, பெண்களில் 97 என்றால் நிம்மதி. ஆண்களில் 108, பெண்களில் 84 என்றால் துணைப்பொருள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியதுதான்.

கிராஸ்ஓவர் இல்லாத ஆய்வு என்றால்?

அங்கே கதையே வேறு, பிரிப்பதைப் பற்றி விவாதமே தேவையில்லை. மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் மருந்துகளுக்கும் நீண்டகால ஊசிகளுக்கும் இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுக்க முடியாது. அதனால் ஒரு குழுவுக்கு டெஸ்ட், இன்னொரு குழுவுக்கு ரெஃபரன்ஸ். இணைநிலை வடிவம் என்பார்கள். இங்கே யாரும் தனக்குத்தானே ஒப்பீடு இல்லை. டெஸ்ட் குழுவில் பெண்கள் கூடிவிட்டால், பெண்களின் எடைக்குறைவால் ஏறும் அளவு எல்லாம் டெஸ்ட் மாத்திரையின் கணக்கில் ஏறிவிடும். வயது, எடை, பாலினம், இனம், புகைப்பழக்கம் போல மருந்தின் அளவைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் இரண்டு குழுக்களும் ஒத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பாவின் 2010 வழிகாட்டி இதனால்தான் கேட்டது. பிரித்துக் குலுக்குங்கள், கணக்கிடும் மாடலிலும் பாலினத்தைச் சேருங்கள். மேலே சொன்ன ‘ஆள் விழுங்கிவிட்டார்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எடை, வயது, புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிரிக்கலாமே?

கிராஸ்ஓவரில் வேண்டாம். மூன்று குணங்களை வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் எட்டு குடம், 24 பேர், சராசரியாகக் குடத்துக்கு மூன்று பேர். சில குடத்தில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். பாலினம் ஒன்று போதும்.

நடைமுறையில் எப்படிச் செய்வது? சேரும் நாளன்று யார் வருவார்கள் என்றே தெரியாதே?

முந்தின நாள் மாலை ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் இது புரியும். வந்தவர்களின் பையைச் சோதிப்பார்கள், சிறுநீர் வாங்குவார்கள், மூச்சில் மது இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. எல்லாம் தேறியவருக்கு மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை. அந்த எண்ணுக்கு எதிரேதான் பட்டியலில் வரிசை அச்சாகியிருக்கும். ராத்திரி பத்து மணி நேரமாவது பட்டினி, காலையில் 240 மில்லி தண்ணீரோடு மாத்திரை.

ஆகவே எண்களைப் பங்கு போட்டு வையுங்கள். 1 முதல் 8 வரை பெண்களுக்கு, 9 முதல் 24 வரை ஆண்களுக்கு. இரண்டு பகுதிக்கும் தனித்தனிக் குலுக்கல். ஒவ்வொரு பகுதியையும் சின்னச் சின்னத் தொகுதியாகக் குலுக்கினால், ஆறு பெண்களே தேறினாலும் 3-3 என்றோ அதற்குப் பக்கத்திலோ நிற்கும். இரண்டு இரண்டாகத் தொகுத்தால் ஆள் குறைந்தாலும் கோணல் ஒன்றுக்கு மேல் போகாது. ஆனால் முதல் ஆளுக்கு எந்த வரிசை என்று தெரிந்தால் அடுத்த ஆளுக்கும் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். பட்டியல் முன்பே பூட்டப்பட்டு, எண்கள் வந்த வரிசைப்படி கொடுக்கப்படும் இடத்தில் அது பெரிய ஓட்டையில்லை. எண் கொடுப்பவர் கையில் பட்டியல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று வரிசை உள்ள ஆய்வு என்றால் பெண்களின் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். எட்டுப் பெண்களை மூன்று வரிசைக்குப் பிரிக்க முடியாது, ஒன்பது வேண்டும். மூன்று மருந்தை ஆறு வரிசையில் கொடுக்கும் ஆய்வுக்கு ஆறு அல்லது பன்னிரண்டு. இதை ஆள் எடுக்கும் பிரிவுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பாதியில் யாராவது விலகினால் பட்டியலைத் திருத்தக் கூடாது. குலுக்கல் குலுக்கலாகவே இருக்கட்டும். விலகல் வரும் என்று கணக்கில் வைத்து முதலிலேயே இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகச் சேர்ப்பதுதான் வழி. மாறுபாடு 25 சதவீதம், எதிர்பார்க்கும் விகிதம் 95 என்றால் 80 சதவீதத் திறனுக்கு (நல்ல மாத்திரை பாஸாகும் வாய்ப்பு) 28 பேர் முழுசாக முடிக்க வேண்டும். அதற்கு மேல்தான் விலகலுக்கான கூடுதல்.

பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள்?

குலுக்கலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் உண்மையான முடிச்சு இங்கேதான். பெண்களே இல்லாத பட்டியலை எப்படிப் பிரிப்பது?

முதல் தடை ரத்தம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆய்வில் பல தடவை ரத்தம் எடுப்பதால் அளவு குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. ஆகவே 8 பெண்கள் வேண்டுமென்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பேரைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஆண்களுக்குப் போடும் அதே கணக்கில் பெண்களைக் கூப்பிட்டுவிட்டு ‘பெண்கள் கிடைக்கவில்லை’ என்று எழுதுவது நியாயமில்லை.

இரண்டாவது தடை, நாள். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் பாசி எடுக்கப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நீரோட்டம் தோதான நாட்களில். அந்த நாளை விட்டால் அந்த வருமானம் போச்சு. சென்னைக்கு இரவு ரயில் ஏறி, இரண்டு ராத்திரி தங்கி, ஏழு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னால், ஒரு தடவை இல்லாவிட்டால் இன்னொரு தடவை பாசி நாளில் போய் முட்டும். முதல் தடவை வந்தவர் இரண்டாம் தடவை வராமல் போவதற்கு மருந்துமேல் பயம் என்று எழுதி வைப்பார்கள். நாள்காட்டியைப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். இடைவெளியை ஏழுக்குப் பதில் பதினாலாக வைத்து, இரண்டு தேதியையும் அஷ்டமிப் பக்கம் தள்ளினால் மருந்துக்கும் கேடில்லை, வேலைக்கும் கேடில்லை. விலகல் குறைந்தால்தான் நீங்கள் போட்ட 4-4 கடைசிவரை 4-4 ஆக நிற்கும்.

கருத்தடை மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். ஹார்மோன் மாத்திரைகள் சில மருந்துகளின் அளவை மாற்றும் என்பதால் பல ஆய்வுகளில் அவற்றைச் சாப்பிடுபவர்களைச் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெரும்பாலும் பெண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன்தான் என்பதால் நம் பக்கம் இது பெரிய தடையில்லை. ஆபரேஷன் செய்தவர் என்றாலும் கர்ப்பப் பரிசோதனை உண்டு.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். அப்போதே ஆய்வை வைத்தால் என்ன?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசில்லாத நேரம். அப்போது ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள் என்பதே எனக்குக் கவலை தருகிறது. காசு முடையால் சம்மதிப்பது முழுச் சம்மதமா என்று நெறிமுறைக் குழு கேட்க வேண்டும். முந்தின ஆய்வு முடிந்து போதிய நாள் ஆவதற்குள் வேறு கூடத்தில் போய்ச் சேருபவர்களும் உண்டு. அது அவர் உடம்புக்கும் ஆபத்து, ஆய்வின் எண்களுக்கும் ஆபத்து. கணக்குப் பக்கம் பார்த்தாலும், தடைக்காலத்தில் ஆண்களால் நிரம்பிய பட்டியலில் மூன்று பெண்களைச் சேர்த்துவிட்டு ‘பால்வாரியாகப் பிரித்தோம்’ என்று எழுதினால், பிரித்ததற்குப் பொருளே இல்லை.

பெண்களைத் தனியாகக் குலுக்கினால் எங்களுக்குக் குறைந்த மருந்தா? குறைந்த காசா?

இரண்டும் இல்லை. மருந்தின் அளவு எல்லோருக்கும் ஒன்று, ரத்தம் எடுக்கும் தடவையும் ஒன்று, கொடுக்கும் தொகையும் ஒன்று. எந்த மாத்திரை முதலில் என்பது மட்டும்தான் குலுக்கலில் முடிவாகிறது. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக்கூடத்தைச் சேராத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுந்து வரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பப் பரிசோதனை முடிவை வீட்டுக்காரரிடம் சொல்வார்களா?

சொல்லக் கூடாது. முடிவு உங்களுக்கும் ஆய்வு டாக்டருக்கும் மட்டும். கூட வந்த அக்காவிடமோ, ஆள் சேர்த்துவிட்ட ஏஜெண்டிடமோ, ஊரில் யாரிடமோ போகக் கூடாது. ‘இந்தத் தடவை நீங்கள் தேறவில்லை’ என்று பொதுவாகச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படுபவரையும் அதே வார்த்தையால்தான் அனுப்புவார்கள் என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் உங்களிடம் டாக்டர் தனியறையில் உட்காரவைத்து உள்ளதைச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் அளவை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பியதும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டினால் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்.